மின்னஞ்சல் கையொப்பமும் மடலாடற் குழு ஒழுங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலாளர் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பிக் கணக்காளர் பணம் அனுப்பிவிடுவது போன்ற மோசடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது எச்சரித்து வருகிறது. அச்செய்திகளின் கடைசிப் பத்தியில் வரும் அறிவுரை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: அனுப்புநர் முகவரியை ஊன்றிப் பாருங்கள், ஐயம் இருந்தால் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவுரை தவறில்லை, ஆனால் அது பாதி வழிதான் அழைத்துச் செல்கிறது. மின்னஞ்சலில் அனுப்புநர் என்று தெரியும் வரி, அஞ்சல் உறையின் பின்புறம் எழுதப்படும் முகவரியைப் போன்றது. அங்கே யாரும் யாருடைய பெயரையும் எழுதிவிடலாம். மின்னஞ்சலைக் கொண்டுசேர்ப்பதற்காக 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை, எழுதியவர் யார் என்று கேட்கும் கடமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி, அதாவது எழுதியவரே இடும் மின்னணுக் கையொப்பம், பல ஆண்டுகளாகவே இருந்தும் நம்மில் மிகச் சிலரே அதைக் கைக்கொண்டிருக்கிறோம் என்பதையும், அந்த வழி மடல் எழுதும் ஒழுங்கோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பதையும் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். இன்று பெரிய அஞ்சல் சேவைகள் எல்லாம் டிகேஐஎம் என்னும் முறையில் மடல்களுக்குத் தாமே கையொப்பமிடுகின்றன. 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக மடல் அனுப்புவோர் அனைவரும் இத்தகைய சரிபார்ப்புகளைக் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கியும் விட்டன. ஆனால் அந்தக் கையொப்பம் சொல்வதெல்லாம், இம்மடல் இன்ன நிறுவனத்தின் வழங்கி வழியே வந்தது என்பதை மட்டுமே. அந்த நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான கணக்குகளில் ஒன்றை யாரேனும் கைப்பற்றி அதிலிருந்து எழுதினாலும் கையொப்பம் செல்லும் என்றே காட்டும். அதாவது அது தபால் நிலையத்தின் முத்திரை. எழுதியவரின் கையெழுத்து அன்று.

ஒரே முகவரிக்கு எழுதும் மடல் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேரும் மடலாடற் குழுக்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. குழுவை நடத்தும் மென்பொருள், தலைப்பின் முன் குழுவின் பெயரைச் சேர்க்கிறது. அடியில் விலகும் முறையைச் சொல்லும் இரண்டு வரிகளை ஒட்டுகிறது. அந்தக் கணமே டிகேஐஎம் கையொப்பம் முறிந்துவிடுகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம், தன் பெயரில் வந்து சரிபார்ப்பில் தேறாத மடல்களைத் திருப்பியனுப்புமாறு உலகின் மற்ற வழங்கிகளுக்குக் கடுமையான கொள்கை ஒன்றை அறிவித்தபோது, யாஹூ முகவரி வைத்திருந்தவர்கள் குழுக்களுக்கு எழுதிய மடல்கள் எங்கெங்கும் திரும்பின. அம்மடல்களைப் பெற மறுத்த வழங்கிகளில் இருந்த உறுப்பினர்கள், தாங்கள் ஒரு தவறும் செய்யாமலேயே, குழுவிலிருந்து தானாக நீக்கப்பட்டார்கள். இதற்கு மெயில்மேன் போன்ற குழு மென்பொருள்கள் கண்ட மாற்றுவழி, அனுப்புநர் வரியிலேயே எழுதியவரின் முகவரியை எடுத்துவிட்டுக் குழுவின் முகவரியைப் போடுவதாகும். ஆக, இன்று பல குழுக்களில் வந்து சேரும் மடலின் அனுப்புநர் முகவரி எழுதியவருடையதே அன்று. எழுதியவர் இவர்தாம் என்று காட்ட எஞ்சியிருப்பது அவர் தம் கையால் இடும் கையொப்பம் ஒன்றே.

அந்தக் கையொப்பத்துக்கான கருவியை 1991-இல் பிஜிபி என்ற பெயரில் வெளியிட்டவர் அமெரிக்கரான ஃபில் சிம்மர்மன். பிறர் படிக்க முடியாதபடி மடலை மாற்றும் மறைகுறியாக்க மென்பொருளை நாட்டுக்கு வெளியே பரவவிட்டார் என்று அமெரிக்கச் சுங்கத்துறை அவர்மீது தொடங்கிய விசாரணை, 1996 தொடக்கத்தில் வழக்கேதும் இன்றிக் கைவிடப்பட்டது. பின்னர் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் காக் உருவாக்கிய ஜிபிஜி என்னும் கட்டற்ற மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 1999-இல் வந்தது. லினக்ஸ் கணினிகளில் இன்று பெரும்பாலும் பயன்படுவது அதுவே. இதன் அடிப்படை எளிது. ஒவ்வொருவரிடமும் ஒரு தனிச்சாவியும் ஒரு பொதுச்சாவியும் இருக்கும். தனிச்சாவியால் மடலின் உள்ளடக்கத்துக்குக் கையொப்பமிட்டால், பொதுச்சாவியைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். மடலில் ஒரு காற்புள்ளி மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் கடிதத்தின் மையம் இருக்கிறது. கையொப்பம் பொருளுக்கு இடப்படுவதில்லை; எழுத்துகளின் வரிசைக்கு, அதாவது பைட்டுகளுக்கு இடப்படுகிறது. ஆகவே மடல் வழியில் சிதையாமல் போய்ச் சேரும்படி எழுதப்பட்டிருந்தால்தான் கையொப்பமும் போய்ச் சேரும். மடலாடற் குழுக்களின் மூத்த உறுப்பினர்கள் எளிய உரையில் எழுதுங்கள், வரிகளைச் சிறிதாக வையுங்கள், தேவையற்ற மேற்கோளை வெட்டுங்கள் என்று சொல்லும்போது, புதியவர்கள் அதைப் பெரியவர்களின் பிடிவாதம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த ஒழுங்கு கையொப்பம் பிழைத்திருப்பதற்கான நிபந்தனையும்கூட என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

தமிழில் எழுதுவோர்க்கு இது கூடுதலாகப் பொருந்தும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘கொ’ என்னும் ஓரெழுத்தே இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. பிஜிபி கையொப்பத்தை மடலோடு அனுப்பும் முறையை வகுத்து 2001-இல் வெளியான பிஜிபி-மைம் தரவிதி, கையொப்பமிடும் பகுதி முழுவதும் ஏழு பிட் வடிவில், அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டும் கொண்டதாக, இருக்க வேண்டும் என்கிறது. இடையிலுள்ள வழங்கி எதுவும் எழுத்துகளை மாற்றிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். எனவே தமிழ் மடல் கையொப்பத்துக்கு முன் கட்டாயமாக வேறு வடிவில் பொதியப்பட வேண்டும். ஒருவகைப் பொதிவில் ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்துகளாகிவிடும். எழுபத்தாறு எழுத்துகள் கொண்ட ஒரு வரியில் எட்டுத் தமிழ்க் குறிகள்தாம் அடங்கும். நல்ல அஞ்சல் மென்பொருள் இவற்றையெல்லாம் நமக்குத் தெரியாமலே செய்துவிடும். ஆனால் பழைய முறையில், மடலின் உடலுக்குள்ளேயே கையொப்பத்தை ஒட்டி அனுப்பினால், நடுவில் ஏதேனும் ஒரு மென்பொருள் குறியேற்றத்தைத் தொட்டாலோ வரியை மடித்தாலோ, தமிழ் மடல் அங்கேயே ‘கையொப்பம் செல்லாது’ என்று காட்டிவிடும். கையொப்பத்தைத் தனி இணைப்பாக அனுப்பும் புதிய முறையையே தமிழர்கள் கைக்கொள்ள வேண்டும். கூடவே வரும் அந்தச் சிறு கோப்பைக் கண்டு வைரஸ் அனுப்பிவிட்டீர்களா என்று கேட்கும் நண்பர்கள் எல்லோருக்கும் வாய்ப்பார்கள். பொறுமையாக விளக்க வேண்டியதுதான்.

அடுத்து மேற்கோள். பதில் எழுதும்போது முந்தைய மடல் முழுவதையும் அடியில் தொங்கவிட்டு, மேலே ஒரு வரி எழுதும் பழக்கம் அலுவலகங்களிலிருந்து குழுக்களுக்குப் பரவியது. பத்துப் பேர் எழுதியது அடியில் கிடக்க, மேலே ‘ஏற்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லுடன் ஒருவர் கையொப்பமிட்டால், அவர் கையொப்பம் அந்தப் பத்துப் பேரின் சொற்களையும் உள்ளடக்கி நிற்கிறது. அதே நேரத்தில் அந்தப் பத்துப் பேர் முன்பு இட்ட கையொப்பம் எதுவும் இந்த மேற்கோளுக்குப் பொருந்தாது. நடுவில் ஒருவர் ஒரு சொல்லை மாற்றி ஒட்டியிருந்தாலும் காட்டிக்கொடுக்க ஏதுமில்லை. மூல மடல் குழுவின் சேமிப்பில் தன் கையொப்பத்தோடு இருக்கிறது. அதிலிருந்து பதிலுக்கு வேண்டிய இரண்டு வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் தம் பதிலை எழுதுவதே நேர்மையான முறை. 1995-இல் வெளியிடப்பட்ட இணைய நடத்தை வழிகாட்டி ஒன்று, வரிக்கு அறுபத்தைந்து எழுத்துகளுக்குள் எழுதுமாறும், மடலடியில் பெயரும் முகவரியும் தரும் குறிப்பு நான்கு வரிகளுக்கு மிகாமல் இருக்குமாறும் அப்போதே சொன்னது. அலைபேசி எண்கள் மூன்று, பட்டங்கள் நான்கு, நிறுவனச் சின்னம், ஒரு பொன்மொழி, கீழே சட்ட எச்சரிக்கை என்று அடுக்கும் நம் அலுவலக மடல்களை அந்த வழிகாட்டியை எழுதியவர்கள் கண்டால் என்ன சொல்வார்களோ!

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இழையைக் கடத்துதல். ஒரு மடலும் அதற்குத் தொடர்ந்து வரும் பதில்களும் சேர்ந்ததே இழை. புதிய பொருளைப் பற்றி எழுத விரும்புவோர், குழு முகவரியைத் தட்டச்சு செய்யச் சோம்பி, ஏதோ ஒரு பழைய மடலுக்குப் பதில் என்று தொடங்கித் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். தலைப்பு மாறினாலும், எந்த மடலுக்குப் பதில் என்பதைச் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத தலைவரிகள் அப்படியே இருப்பதால், அவர்கள் எழுதியது தொடர்பற்ற ஓர் உரையாடலின் நடுவே புதைந்துபோகும். இருபது ஆண்டுகள் கழித்துச் சேமிப்பைத் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. இந்த அக்கறை தமிழர்க்கு வேண்டாத ஒன்றல்ல. தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கப் பயன்பட்ட டிஸ்கி குறியேற்றம் உருப்பெற்றது தமிழ்.நெட் சார்ந்த மடலாடற் குழு விவாதங்களில்தான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து பிழை திருத்திக்கொண்டதும் மின்னஞ்சல் வழியாகத்தான். நம் கணினித் தமிழின் தொடக்க வரலாறு மடல்களில் இருக்கிறது.

இந்த ஒழுங்கைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல துணை, மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கிய ‘மட்’ என்னும் உரைவடிவ அஞ்சல் மென்பொருள். எல்லா அஞ்சல் மென்பொருள்களும் மோசம், இது சற்றுக் குறைவான மோசம் என்பது அதன் தன்னடக்கமான முழக்கம். கறுப்புத் திரை, சுட்டி இல்லை, படங்கள் இல்லை. பயனரின் வீட்டு அடைவில் உள்ள ‘மட்-ஆர்சி’ என்ற ஒரே உரைக்கோப்பில் அதன் அமைப்புகள் அனைத்தையும் எழுதிவிடலாம். (கட்டளைகளை அச்சுக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கோப்பில் ஆங்கிலத்தில்தான் இட வேண்டும்.) நாம் உறுப்பினராக உள்ள குழுக்களை ‘சப்ஸ்கிரைப்’ என்ற கட்டளையால் அதற்கு அறிவித்துவிட்டால், பெரிய எழுத்து ‘எல்’ விசையை அழுத்தினால் பதில் குழுவுக்கு மட்டும் போகும், சிறிய ‘ஆர்’ எழுதியவருக்குத் தனியாகப் போகும். தனிப்பட்ட வருத்தத்தை ஊரறிய அனுப்பிவிட்டுத் தவிக்கும் நிலை இதனால் வெகுவாகக் குறைகிறது. ‘சார்ட்’ என்பதற்கு ‘த்ரெட்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தால் உரையாடல்கள் கிளை கிளையாகத் தெரியும். கடத்தப்பட்ட இழை அங்கே உடனே கண்ணில் படும் என்பதால், மட் பயன்படுத்துவோரே இதுபற்றி அதிகம் முணுமுணுப்பதில் வியப்பில்லை.

கையொப்பத்துக்கு ‘கிரிப்ட்-ஆட்டோசைன்’ என்னும் அமைப்பு உண்டு; அதை இட்டால் போகும் மடல் எல்லாவற்றுக்கும் கையொப்பம் விழும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டார்க்கு எழுதும் இரண்டு வரிக்குக் கையொப்பம் வேண்டியதில்லை. மாறாக ‘சென்ட்-ஹூக்’ என்ற கட்டளையால் இன்னின்ன குழுக்களுக்கும் அலுவலக முகவரிகளுக்கும் போகும்போது மட்டும் கையொப்பமிடு என்று சொல்லிவிடலாம். கையொப்பத்தோடு வந்த மடலுக்குக் கையொப்பத்தோடு பதில் போகும்படி ‘கிரிப்ட்-ரிப்ளைசைன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வந்த மடல்களின் பட்டியலில் கையொப்பமிட்ட மடலின் ஓரத்தில் சிறிய ‘எஸ்’ தெரியும். திறந்து, சரிபார்த்து, கையொப்பம் தேறினால் அது பெரிய ‘எஸ்’ ஆகும். மடலுக்குள்ளும் கையொப்பம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கோடிட்டுக் காட்டும். குழு மென்பொருள் அடியில் ஒட்டிய வரிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்க்கலாம்.

இந்த வறட்சியான திரைக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. 2018 மே மாதத்தில் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘ஈஃபெயில்’ என்ற பெயரில் வெளியிட்ட தாக்குதல், வண்ணமும் படமும் சேர்த்து வடிவமைத்த எச்டிஎம்எல் மடல்களைத் தானாகக் காட்டும் மென்பொருள்களின் வழியே மறைகுறியாக்கிய மடலின் உள்ளடக்கத்தைக் கசியவைத்தது. அடுத்த ஆண்டில், எச்டிஎம்எல் கொண்டு ‘கையொப்பம் சரி’ என்ற பச்சைக் குறியையே மடலுக்குள் வரைந்து ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். மடலுக்குள் எதையும் வரையவே இடந்தராத மென்பொருளில் இத்தகைய வித்தைகளுக்கு இடம் மிகக் குறைவு.

‘மட்’ மென்பொருளில் தமிழுக்குச் சில தொல்லைகள் உண்டு, மறைப்பதற்கில்லை. ‘மட்’ இயங்கும் உரைவடிவ முனையத் திரைகள் பல ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் ஒழுங்காக இடுவதில்லை. மென்பொருள் கணக்கிடும் அகலம் ஒன்று, எழுத்துருவின் அகலம் வேறொன்று என்றாகி, சுட்டுக்குறி ஓரிடத்திலும் எழுத்து வேறோர் இடத்திலுமாக அலையும். படிப்பதை ‘மட்’ மென்பொருளில் வைத்துக்கொண்டு, ‘எடிட்டர்’ என்னும் அமைப்பில் வரைகலை உரைத்திருத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டால் எழுதுவதில் சிக்கல் தீர்ந்துவிடும். இன்னொன்று: இணைப்பை மறந்து அனுப்புவதைத் தடுக்கும் வசதி ‘மட்’ மென்பொருளில் உண்டு என்றாலும் அது ஆங்கிலச் சொல்லையே தேடுகிறது; ‘இணைப்பு’, ‘இணைத்து’ என்ற சொற்களை நாமே அந்த அமைப்பில் சேர்க்க வேண்டும். ஜிமெயில் வைத்திருப்போர் 2022-க்குப் பிறகு வழக்கமான கடவுச்சொல்லை இங்கே பயன்படுத்த முடியாது. அதற்கெனத் தனிச் செயலிக் கடவுச்சொல் பெறுவது ஒரு வழி.

கையொப்பம் எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிடுவது முறை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்னும் பொறியாளர், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் உள்ள கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் புறவாசல் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைப் பாதுகாப்பு மடலாடற் குழு ஒன்றில் எழுதி அறிவித்தார். அந்த நச்சுப் பதிப்புகள் முறையாகக் கையொப்பமிடப்பட்டவைதாம். பல மாதங்கள் நல்லவராக நடித்துப் பொறுப்புக்கு வந்தவரே கையொப்பமிட்டார். கையொப்பம் ஆளைக் காட்டுமே தவிர, அவர் நெஞ்சைக் காட்டாது. ஆனால் அதே கதையில் இன்னொரு பகுதி உண்டு: 2022-இல் அம்மென்பொருளின் மடலாடற் குழுவில், வேறெங்கும் தடயமில்லாத முகவரிகளிலிருந்து சிலர் எழுதி, புதியவருக்குப் பொறுப்பைக் கொடு என்று பராமரிப்பாளரை நெருக்கினார்கள். நீண்ட காலமாகப் பயன்பட்டு வரும் சாவியோடு பேசுவோரையும் நேற்று முளைத்த பெயர்களையும் வேறுபடுத்திப் பார்க்கும் பழக்கம் குழுக்களில் வேரூன்றியிருந்தால், அந்த நெருக்கடி அவ்வளவு எளிதாக எடுபட்டிருக்காது என்பது என் கருத்து. லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்தில் உறுப்பினர்கள் தேர்தலில் வாக்களிப்பதே கையொப்பமிட்ட மின்னஞ்சலால்தான். லினக்ஸ் கருவகத்தின் கெர்னல்.ஆர்க் தளம் 2011 ஆகஸ்டில் ஊடுருவப்பட்ட பிறகு, உருவாக்குநர்கள் ஒருவர் சாவியை ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட வலைப்பின்னலை வைத்தே கணக்குகள் மீண்டும் வழங்கப்பட்டன.

நம் நாட்டில் கையொப்பம் என்றால் பலர்க்கும் நினைவுக்கு வருவது, ஜிஎஸ்டிக்கும் நிறுவனப் பதிவுக்கும் மின்னணு ஒப்பந்தப்புள்ளிக்கும் பயன்படும் டிஎஸ்சி டோக்கன், அதாவது மின்னணுக் கையொப்பச் சான்றிதழைக் கொண்ட சிறு கருவி. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழையே ஏற்கிறது. நாமே உருவாக்கும் பிஜிபி சாவிக்கு அந்தச் சட்டத் தகுதி இல்லை. ஆயினும் அந்த டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் சேர்த்தே தணிக்கையாளர் அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கும் வணிகர்கள் எத்தனை பேர் என்பதைத் தங்கள் வாசகர்களே அறிவார்கள். தனிச்சாவி என்பது பிறரிடம் கொடுக்கக் கூடாதது என்ற முதல் பாடத்தைச் சட்டம் புகட்டவில்லை. தம் கையால் சாவி உருவாக்கி, அதற்குக் காலாவதி நாள் குறித்து, தொலைந்தால் செல்லாததாக்கும் சான்றிதழை அச்சிட்டுப் பெட்டியில் வைத்துப் பழகியவர்க்கு அது தானே விளங்கும்.

எஞ்சியிருப்பது, ஒருவரின் பொதுச்சாவி அவருடையதுதானா என்று எப்படி அறிவது என்னும் பழைய சிக்கல். சாவிகளைச் சேமிக்கும் பொது வழங்கிகளை நம்பியிருந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2019 ஜூனில், ஜிபிஜி சமூகத்தில் நன்கறியப்பட்ட இருவரின் சாவிகளில் குப்பைக் கையொப்பங்களை மலைபோல் குவித்து அவற்றைப் பயன்படாமல் ஆக்கிவிட்டார்கள். இணையத்தில் வந்த சாவியை இணையத்துக்கு வெளியே ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். இங்கேதான் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டிய மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு நாளும் அச்சிடுகிறீர்கள். அதன் கீழேயே தங்கள் ஆசிரியர் குழுவின் சாவிக்குரிய கைரேகையையும், அதாவது அச்சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீட்டையும், அச்சிடலாம். அது நாற்பது எழுத்துகள். நான்கு நான்காகப் பிரித்தால் பத்துத் தொகுதிகள். ஒரு பத்தியின் அகலத்தில் இரண்டு வரிக்குள் அடங்கும். ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த அச்சுப் பிரதிகளை எவரும் பிறகு திருத்த முடியாது. தங்கள் பெயரில் வாசகர்க்கும் செய்தியாளர்க்கும் வரும் போலி மடல்களை அதன் பின் எவரும் சரிபார்த்துக்கொள்ள முடியும்; தகவல் தர விரும்பி அஞ்சுகிறவர்கள் மறைகுறியாக்கி எழுதவும் அதே சாவி உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.